பைக்குள் மழை

‘இது வாட்டர்ப்ரூஃப்தானே?’ என்று கேட்டு, ‘இல்லீங்க’ என்று பதில் சொன்ன கடைக்காரரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. ஜவுளிக்கடையில் ‘சாயம் போகுமா?’ என்று கேட்பது மாதிரிதான் இதுவும். கேட்பது நம் கடமை. ‘கியாரண்டி ஸார்!’ என்பது அவர் கடமை. இருவரும் கடமையைச் செய்து முடித்தபின், பலனை மழை வந்து கொடுக்கும்.

மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றும் ஆசாமிகளுக்கு இந்தப் பலன் கொஞ்சம் தாராளமாகவே கிடைக்கும். காரில் போகிறவருக்கு டிக்கி இருக்கிறது. பஸ்ஸில் போகிறவருக்குத் தலைக்கு மேல் பரண் இருக்கிறது. பைக்காரருக்குத் தலைக்கு ஹெல்மெட், உடம்புக்கு ரெயின்கோட். பின் ஸீட்டில் கட்டிய பைக்கு? அதற்கு ஆண்டவன்தான். அதுவும் நம் தமிழ்நாட்டின் அமைப்பைப் பாருங்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மேற்கே மலைப்பக்கம் மழை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கிழக்கே கடற்கரைப் பக்கம் மழை. ஆக, வருஷத்தில் ஏழு மாசம் ஏதாவது ஒரு திசையில் ஒரு மேகம் நம் பைக்காகவே (இரண்டு அர்த்தத்திலும்!) காத்திருக்கிறது.

பி.காம். படித்தவனுக்கு மழையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். கணக்குப் பதிவியலில் முதல் பாடமே இதுதான்: உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை. பைக்குள் தண்ணீர் வருவது தெரியும். வெளியே போய் நான் பார்த்ததே இல்லை. இந்தக் கணக்கு டேலி ஆகவே ஆகாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் ஜூலையில் என் மைத்துனரும் நானும் ஆளுக்கு ஒரு பைக்கில் வால்பாறை போனோம். ஆழியாறு தாண்டி மேலே ஏறினால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பக்கத்துச் சின்னக்கல்லாறு, தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை கொட்டும் இடங்களில் ஒன்று. அது தெரிந்துதான் மைத்துனர் புதிதாக ஒரு பை வாங்கியிருந்தார். வாட்டர்ப்ரூஃப். கியாரண்டி!

மைத்துனருக்குச் சர்க்கரை உண்டு. இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். சர்க்கரை பார்க்கும் மீட்டர், அதில் செருகும் ஸ்ட்ரிப் எல்லாம் பைக்குள். மழையால் மத்தியானச் சாப்பாடு தள்ளிப்போய்விட்டது. பாதி மலையில் வண்டியை ஓரம் கட்டினார். “மாப்ளே, கை நடுங்குது”ன்னார்.

இங்கேதான் சிக்கல். சர்க்கரை குறைந்தாலும் கை நடுங்கும். நாலு மணி நேரம் மழையில் நனைந்து குளிரெடுத்தாலும் கை நடுங்கும். எது என்று சொல்ல வேண்டியது மீட்டர். பையைத் திறந்தால், அடியில் இரண்டு விரற்கடை தண்ணீர். மீட்டர் உயிரை விட்டிருந்தது. ஸ்ட்ரிப் டப்பா சரியாக மூடாமல் கிடந்ததால் அதுவும் ஊறிவிட்டது. காற்றின் ஈரம் பட்டாலே கெட்டுப்போகிற சாமான் அது. சந்தேகம் வந்தால் சர்க்கரை குறைந்திருக்கிறது என்றே வைத்துக்கொண்டு உடனே இனிப்பைக் கொடு என்பது டாக்டர்கள் சொல்லித்தருகிற பாடம். நல்லவேளை, அடுத்த வளைவில் ஒரு டீக்கடை. நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டு ஒரு டீ. கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது, முகம் தெளிந்தது. அந்தக் கால் மணி நேரம் நான் பட்ட பாட்டை ஜோக்காக எழுத இன்னும் எனக்கு வரவில்லை.

ஊர் திரும்பியதும் அந்தப் பையைக் குப்புறப் போட்டு ஆராய்ந்தோம். துணியில் ஒரு குற்றமும் இல்லை. உள்பக்கம் ரப்பர் மாதிரிப் பூச்சு, தண்ணீர் ஊற்றினால் தாமரை இலை மாதிரி உருண்டு ஓடுகிறது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. துணி வாட்டர்ப்ரூஃப்தான். ஆனால் அந்தத் துணியைப் பையாகத் தைத்திருக்கிறார்களே! ஊசி போன இடமெல்லாம் ஓட்டை. ஒரு சென்டிமீட்டருக்கு மூன்று தையல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் தையலுக்கு முந்நூறு ஓட்டை. சல்லடைக்கு இவ்வளவு ஓட்டை போட்டால் கூலி கேட்பார்கள்!

அதனால் பை வாங்கும்போது துணியைத் தடவிப் பார்ப்பதை விட்டுவிட்டு, உள்பக்கம் புரட்டி மூட்டைப் பாருங்கள். வெறும் தையல் என்றால் தண்ணீர் வரும். தையல் மேல் டேப் ஒட்டியிருந்தால் பரவாயில்லை. ஆனால் மடித்து விரித்து வருஷமானால் டேப் உரியும். தைக்காமலே, தார்ப்பாய் மாதிரியான கனத்த ஷீட்டைச் சூடு காட்டி ஒன்றோடொன்று உருக்கி ஒட்டியிருக்கிறார்கள் என்றால், அதுதான் சமாசாரம். ஊசியே போகவில்லை, ஓட்டைக்கு ஏது வழி?

அடுத்தது வாய். (மனிதர்களுக்கு மட்டுமில்லை, பைகளுக்கும் வாய்தான் எதிரி.) ஜிப் வைத்த வாய் பார்க்க லட்சணம். சாதாரண ஜிப்பின் பல்லிடுக்கில் தண்ணீர் சர்வ சாதாரணமாக நுழையும். ஆற்றில் படகு விடுகிறவர்கள் வைத்திருக்கும் பையைப் பார்த்திருப்பீர்கள். கோணிப்பை மாதிரி நீளமான வாய், அதைச் சேர்த்துப் பிடித்து மூன்று சுற்று சுற்றி இரண்டு பக்கமும் பக்கிள் மாட்டுவார்கள். ரோல்-டாப் என்று பெயர். அதில் ஒரே ஒரு நிபந்தனை: மூன்று சுற்றுக்கு இடம் விட வேண்டும். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி கழுத்துவரை அடைத்துவிட்டு ஒரே சுற்றில் மாட்டினால், பை மேல் பழி சொல்லக் கூடாது.

‘எதுக்கு ஸார் இவ்வளவு? மேலே ஒரு ரெயின் கவர் போட்டுக்குங்க’ என்று சிலர் ஃப்ரீயாக ஒன்றைக் கொடுப்பார்கள். நிற்கிற வண்டிக்கு அது அழகாகத்தான் இருக்கும். ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அது பலூனாக உப்பும். மழை மேலிருந்துதான் வரும் என்று நினைத்து அதைத் தைத்திருக்கிறார்கள். பைக்கில் மழை முன்னாலிருந்து வரும், பக்கத்து லாரியிலிருந்து வரும், நம் பின் சக்கரம் கீழேயிருந்து சேற்றோடு வாரி அடிக்கும். வந்த தண்ணீர் கவரின் அடியில் குளம் கட்டும். பை அதில் சுகமாக உட்கார்ந்துகொண்டு வரும்.

பையில் தொங்கும் அட்டையில் ‘ஐ.பி.’ என்று போட்டு இரண்டு எண்கள் இருக்கும். இன்ஸால்வென்ஸி பெட்டிஷன் இல்லை, பயப்படாதீர்கள். மின்சாதனப் பெட்டிகளுக்காக ஏற்பட்ட சர்வதேச அளவுகோல் அது. பைக்காரர்களும் கடன் வாங்கிக்கொண்டார்கள். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 4 என்றால் தெளிக்கிற தண்ணீரைத் தாங்கும். 6 என்றால் வேகமாகப் பீய்ச்சி அடித்தாலும் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் முக்கினாலும் தாங்கும். ஏழு ஆறைவிடப் பெரிசு என்றுதானே பி.காம். மூளை சொல்லும்? இங்கே அப்படியில்லை. முக்கிப் பார்த்ததைப் பீய்ச்சி அடித்துப் பார்த்தார்கள் என்று அர்த்தமில்லை, அது வேறு பரீட்சை. நாம் பைக்கோடு ஆற்றில் மூழ்கப்போவதில்லை. எதிர்க்காற்றில் பீய்ச்சி அடிக்கும் மழையில்தான் போகப்போகிறோம். நமக்கு வேண்டியது 6. ஏழும் சேர்ந்திருந்தால் சந்தோஷம்.

அலுமினியப் பெட்டி வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம். விலை ஐந்து இலக்கத்துக்குப் போகும். பூட்டலாம், வருஷக் கணக்கில் உழைக்கும். ஆனால் வண்டி இரண்டு பக்கமும் கர்ப்பிணி மாதிரி அகலமாகிவிடும். சேற்றில் தடுமாறி சட்டென்று காலை ஊன்றினால், பெட்டி பின்னாலிருந்து வந்து கணுக்காலை நசுக்கும் அபாயம் உண்டு. கரடுமுரடான பாதையில் போகிறவர்கள் துணிப்பையே தேவலை என்பது அதனால்தான். துணிப்பை என்றால் சைலன்ஸரைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டால் மழைக்கு முன் நெருப்பு பாஸ் மார்க் வாங்கிவிடும். கனமான சாமான் கீழே, நடுவில். வாலில் பாரம் ஏற்றினால் முன் சக்கரம் லேசாகி, வளைவில் நம் பேச்சைக் கேட்காது. கட்டிய பட்டையின் நுனி தொங்கவே கூடாது. சக்கரத்திலோ செயினிலோ சுற்றினால் நாம் நனைகிறோமா இல்லையா என்ற கவலையே இருக்காது.

இவ்வளவும் பார்த்து வாங்கினாலும், பையை முழுசாக நம்பாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. இன்றைக்கு ஒட்டின மூட்டு, நாளைக்கு ஒரு முள்ளில் கிழியும். கிளம்புகிறபோது ‘எல்லாம் நனையாமல் இருக்கணும்’ என்று நினைக்காமல், ‘எது நனைந்தால் நான் காலி?’ என்று ஒரு லிஸ்ட் போடுங்கள். சட்டை நனைந்தால் காயும். பேஸ்ட் நனைந்தால் கேட்கவே வேண்டாம், அது நனைவதற்கென்றே பிறந்தது. லிஸ்டில் மிஞ்சுவது மூன்றே மூன்றுதான்: மருந்து, செல்போன், கொஞ்சம் பணம். 2018-லிருந்து ஆர்.சி.யும் லைசென்ஸும் டிஜிலாக்கரில் இருந்தாலே போதும் என்று ஆகிவிட்டதால், இப்போது செல்போன்தான் ஆர்.சி. புக்கும்.

இந்த மூன்றையும் தனித்தனியாகச் சின்ன ரோல்-டாப் பையிலோ, மூடி இறுகும் ப்ளாஸ்டிக் டப்பாவிலோ போட்டு, பைக்கில் கட்டாமல் ரெயின்கோட்டுக்கு உள்ளே, உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். (இன்சுலினுக்கு மட்டும் உடம்புச் சூடு, இன்ஜின் சூடு இரண்டும் ஆகாது. அதற்கென்று விற்கும் குளிர் உறை வேண்டும்.) மற்றதெல்லாம் பெரிய பைக்குள் ஒரு கனத்த ப்ளாஸ்டிக் கவரில். சில பத்து ரூபாய் முதலீட்டில் இதைவிட நல்ல இன்ஷூரன்ஸ் எந்தக் கம்பெனியும் தராது.

ஈரத்துணிக்கு ஒரு தனிப்பை மறக்காதீர்கள். தண்ணீரை உள்ளே விடாத பை, உள்ளே போன தண்ணீரை வெளியேயும் விடாது. நனைந்த ஒரே ஒரு பனியனை நல்ல பைக்குள் போட்டு மூடினால், மறுநாள் காலை எல்லாச் சட்டைக்கும் அதே வாசனை.

கடைசியாக, புதுப் பையை மழை பரீட்சை வைக்கும் முன் நீங்கள் வைத்துவிடுங்கள். பழைய நியூஸ் பேப்பரைக் கசக்கி உள்ளே அடைத்து, மூடி, பாத்ரூம் ஷவரில் பத்து நிமிஷம். எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்டுங்கள், அடிப்பக்கம் உட்பட. பிறகு திறந்து பேப்பரைத் தொட்டுப் பாருங்கள். எந்த மூலை ஈரமோ, அந்த மூலையில்தான் மூட்டு சரியில்லை. பில்லோடு கடைக்குப் போக அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

மைத்துனர் இப்போது இரண்டாவது பை வாங்கியிருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. உள்ளே பாத்ரூமில் ஷவர் ஓடுகிறது, வெளியே அக்கா நிற்கிறாள்.

“யாருடி உள்ளே? உங்க அப்பாவா?” என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டிருக்கிறார், என் அக்கா பெண்ணிடம்.

“இல்லே மாமி, அப்பாவோட பை. அப்பா இன்னும் குளிக்கலை!”