கடை வைஃபையும் வந்து போகிறவர்களும்

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் மொத்தப் பலசரக்கு வியாபாரம் செய்துவரும் நாங்கள், இந்த இதழில் இதுவரை வரியைப் பற்றியும் கடை வாடகையைப் பற்றியும்தான் எழுதியிருக்கிறோம். இம்முறை வைஃபை பற்றி எழுதுவதைப் பார்த்து உறுப்பினர்கள் சிலர் சிரிக்கக்கூடும். 2023-ஆம் ஆண்டு தீபாவளி வாரம் வரை எங்களுக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 முதல், 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் இ-இன்வாய்ஸ் போட்டே ஆகவேண்டும் என்று வந்தது. நாங்களும் அதற்குள் வந்துவிட்டோம். தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, கம்பத்து வியாபாரி ஒருவருக்காக எண்ணெய் டின்களும் சீரகம், மிளகு மூட்டைகளும் ஏற்றிய லாரி வாசலில் நிற்கிறது. மணி இரவு எட்டு. கணக்குப்பிள்ளை இ-வே பில்லுக்காகக் கம்ப்யூட்டரைத் தட்டுகிறார், திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒன்றேகால் மணி நேரம் லாரி நின்றது. டிரைவர் எங்களைத் திட்டினார், நாங்கள் அரசாங்கத்தின் இணையதளத்தைத் திட்டினோம். பிறகு பார்த்தால் குற்றம் எங்கள் கடைக்குள்ளேயே இருந்தது. லோடுமேன்கள், லாரிக்காரர்கள், சரக்கு எடுக்க வந்தவர்கள், பக்கத்துக் கடைப் பையன்கள் என்று முப்பது போனுக்கு மேல் எங்கள் வைஃபையில் தொங்கிக்கொண்டிருந்தன. குடோன் மாடியில் ஒருவர் முழுப் படம் ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தார். பாஸ்வேர்டு என்ன தெரியுமா? கடைப் பெயரும் பின்கோடும். கல்லாவுக்குப் பின்னால் காலண்டர் அட்டையில் அதை எழுதி மாட்டியதே நாங்கள்தான். ஆகவே யாரையும் கோபித்துக்கொள்ள வழியில்லை.

இதுகூடப் பரவாயில்லை. அடுத்த மாதம் நடந்ததுதான் தூக்கத்தைக் கெடுத்தது. ஒரு கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி, சின்ன வயதுத் தம்பி, ஆர்டர் எழுதுவதற்காக லேப்டாப்பைத் திறந்து எங்கள் வைஃபையில் சேர்ந்தவர், சற்று நேரம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க அடக்க விலைச் சிட்டை என் கம்ப்யூட்டர்ல தெரியுது." எட்டிப் பார்த்தோம். எந்தப் பருப்பு எந்த மில்லிலிருந்து என்ன விலைக்கு வந்தது, யாருக்கு எத்தனை நாள் கடன், யார் பாக்கி எவ்வளவு, அத்தனையும் இருந்தது. மேசைக் கம்ப்யூட்டரிலிருந்து கல்லாவில் பார்ப்பதற்கு வசதியாக இருக்கட்டும் என்று அந்தக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைத்திருந்தோம். ஒரே வைஃபையில் இருக்கிற எல்லோருக்கும் அது திறந்த பேரேடாகிவிட்டது. அந்தத் தம்பி நல்லவர், சொன்னார். அவருக்கு முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்து, பார்த்துவிட்டுச் சொல்லாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று இன்றுவரை நமக்குத் தெரியாது. அடக்க விலை வெளியே போன மொத்த வியாபாரிக்கு என்ன மிஞ்சும் என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்தச் செய்தி தெருவில் பரவியதும் நண்பர்கள் சொன்ன யோசனை ஒன்றுதான்: "பாஸ்வேர்டை மாற்று, யாருக்கும் கொடுக்காதே." ஒரு நண்பர் தம் கடையில் அப்படியே செய்தும்விட்டார். எங்களுக்கு இது சம்மதமில்லை. நம் குடோன்கள் பழைய கட்டடங்கள், ஒன்றரை அடிச் சுவர். உள்ளே சிக்னல் எட்டாது. உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ வந்து சரக்கு எடுக்கிற சில்லறை வியாபாரி, போனில் பணம் அனுப்புவதற்காக வெயிலில் தெருவில் போய் நிற்கவேண்டுமா? இரண்டு நாள் வண்டி ஓட்டி வந்த டிரைவர், சரக்கு இறங்கும் நேரத்தில் வீட்டுக்கு முகம் பார்த்துப் பேசினால் நமக்கு என்ன குறைந்துவிடும்? வந்தவர்களுக்கு மோர் கொடுத்த கடைகள் நம்முடையவை. அந்தக் காலத்துக் கடைகளில் திண்ணை இருந்தது. வழிப்போக்கனுக்குத் திண்ணையைக் கொடுத்தார்கள், உள்ளறைச் சாவியை யாரும் கொடுக்கவில்லை.

வைஃபையிலும் அந்தத் திண்ணை இருக்கிறது. அதற்குப் பெயர் கெஸ்ட் நெட்வொர்க். இன்று கடைகளில் இருக்கும் ரூட்டர்கள் பெரும்பாலானவற்றில் இந்த வசதி உண்டு. தனிப் பெயர், தனி பாஸ்வேர்டு. அதில் சேருகிறவருக்கு இன்டர்நெட் மட்டும் கிடைக்கும். நம் கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா எதையும் அவர் எட்ட முடியாது. ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் 192.168.1.1 என்பதுபோல ஒரு எண் இருக்கும், அதை கம்ப்யூட்டரில் அடித்தால் அமைப்புகள் திறக்கும். பத்து நிமிட வேலை. வேகத்துக்கு வரம்பு வைக்கும் வசதி பல மாடல்களில் இருக்கிறது. இருந்தால் கட்டாயம் வைக்கவேண்டும். மாடியில் படம் இறங்கினாலும் கணக்குப்பிள்ளையின் பில் நிற்காது.

இதில் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம். ரூட்டரைப் பொருத்த வந்தவர், உள்ளே நுழையும் பாஸ்வேர்டை, அதாவது வைஃபை பாஸ்வேர்டு அல்ல, ரூட்டரையே திருத்துவதற்கான பாஸ்வேர்டை, கம்பெனி வைத்தபடியே 'அட்மின்' என்று விட்டுப் போயிருந்தார். கேட்டதற்கு, "அதெல்லாம் யாரு சார் பாக்கப் போறா" என்றார். அது திறந்திருந்தால் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே விட்டது போலத்தான். அடுத்து, கெஸ்ட் பகுதியில் 'உள் நெட்வொர்க்கைப் பார்க்க அனுமதி' என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் இருக்கக்கூடாது. இன்டர்நெட் கம்பெனியின் பெட்டிக்குப் பின்னால் இரண்டாவது ரூட்டரை வெறும் அக்சஸ் பாயின்டாக வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். சில மாடல்களில் அப்படி வைத்தால் கெஸ்ட் என்று பெயர் மட்டும் இருக்கும், நடுவில் சுவர் இருக்காது. பரிசோதிப்பது சுலபம். உங்கள் போனை கெஸ்டில் சேர்த்து, ஆபீஸ் பிரிண்டருக்கு ஒரு தாள் அனுப்பிப் பாருங்கள். தாள் வந்தால் சுவர் இல்லை.

பாஸ்வேர்டு எப்படி வெளியே போகிறது என்பதும் எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது. இன்றைய ஆண்ட்ராய்டு போன்களில், சேர்ந்திருக்கும் வைஃபையை 'ஷேர்' என்று தொட்டால் க்யூஆர் கட்டம் வரும், பல போன்களில் அதன் கீழே பாஸ்வேர்டே எழுத்தில் தெரியும். ஒரு பணியாளரிடம் இருந்தால் ஊருக்கே இருந்த மாதிரிதான். அதனால் இப்போது மெயின் வைஃபையில் கடைக்குச் சொந்தமான கருவிகள் மட்டும். எங்கள் சொந்தப் போன்கள் உட்பட மற்றவை எல்லாம் கெஸ்டில். மருமகனுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். இருக்கட்டும்.

பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து வைப்பது தர்மம் என்று நினைப்பவர்களும் நம்மில் உண்டு. 2008 ஜூலை 26 அகமதாபாத் குண்டுவெடிப்புகளையொட்டி அனுப்பப்பட்ட மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு வீட்டின் பூட்டாத வைஃபை வழியாகப் போனது. ஒரு பாவமும் அறியாத வீட்டுக்காரர் விசாரணைக்கு ஆளானார். அதன்பின் 2009-இல், வைஃபையைப் பாதுகாப்பாக வைக்கவேண்டும் என்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறை அறிவுறுத்தியது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாசலுக்குத்தான் போலீஸ் முதலில் வரும்.

இதைச் சாக்காக வைத்து, வருகிறவர் எல்லோரிடமும் போன் நம்பர் வாங்கி ஓடிபி அனுப்பும் பெட்டி ஒன்றை விற்க ஆட்கள் தெருத்தெருவாக வருகிறார்கள். ஹோட்டலுக்கும் லாட்ஜுக்கும் அது தேவையாக இருக்கலாம். தெரிந்த முகங்கள் வந்துபோகும் மண்டிக்குத் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. வாங்கிய நம்பர்களைப் பத்திரமாக வைக்கும் பொறுப்பும் நம் தலையில் விழும், 2023-இல் அதற்கென்றே தனிச் சட்டம் வந்திருக்கிறது. பஸ் நிலையம் அருகில் டீக்கடை, பெட்டிக்கடை வைத்திருப்பவர்கள் பொதுமக்களுக்கு வைஃபை விற்க விரும்பினால், 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம்-வாணி திட்டம் இருக்கிறது. அதில் கடைக்காரருக்கு லைசென்ஸ் கிடையாது, பதிவுக் கட்டணமும் கிடையாது. பதிவு செய்யவேண்டியது அவர்களை ஒருங்கிணைக்கும் நிறுவனம்தான். அது தனி வியாபாரம், அதை இதோடு குழப்பவேண்டாம்.

நமது சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். வரி அதிகாரிகளை அழைத்துக் கூட்டம் போடுகிறோம். அதுபோல ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, உறுப்பினர்கள் அவரவர் ரூட்டரைக் கையோடு கொண்டுவரச் செய்து, விஷயம் தெரிந்த இளைஞர் இருவரை உட்காரவைத்து, அங்கேயே சரிசெய்து கொடுக்க ஏற்பாடு செய்யலாம். செலவு காப்பி, வடைதான்.

எங்கள் கடையில் சரக்கு இறக்கும் வாசலில் இப்போது ஒரு சிலேட்டுப் பலகை தொங்குகிறது. கெஸ்ட் பாஸ்வேர்டு அதில் சாக்பீஸால் எழுதியிருக்கும், மாதம் முதல் தேதி மாறும். லோடுமேன் பெரியவர் ஒருவர்தான் அழித்து எழுதுவார். தம் பேத்தி பெயரை ஒரு மாதத்துக்கு வைக்கச் சொன்னார், பின்னால் நான்கு எண்களைச் சேர்த்து வைத்தோம். இரவு 9.30-க்கு கெஸ்ட் வைஃபை தானாக அணைந்துவிடும். லாரி தாமதமாக வரும் நாட்களில் மட்டும் மகன் வீட்டுக்குக் கிளம்பும் வரை அதை நீட்டிக் கொடுக்கிறார்.