தமிழோசைக்கு நேர்ந்தது மின்னலுக்கு நேராமல் இருக்க...

பொது ஒலிபரப்பு நிறுவனத்தில் பணம் குறைந்தால் கத்தி முதலில் எங்கே விழும்? லண்டன் பிபிசியின் அனுபவம் இதற்குப் பதில் சொல்கிறது.

2022 செப்டம்பரில் பிபிசி உலகச் சேவை 382 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தது. அரபு, பாரசீகம், இந்தி, உருது, இந்தோனேசியம் உட்பட 10 மொழிகளின் வானொலிச் சேவை நிறுத்தப்பட்டது. அந்தப் பட்டியலில் தமிழும் இருந்தது. இதனால் ஆண்டுக்கு 2 கோடியே 85 லட்சம் பவுன் மிச்சமாகும் என்றது நிர்வாகம். 1941இல் தொடங்கிய தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு அதற்கு முன்பே, 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோடு நின்றுவிட்டது. இணையத்தில் மட்டும் பிபிசி தமிழ் தொடர்கிறது.

நேயர்கள் கைப்பேசிக்கு மாறிவிட்டார்கள் என்பது நிர்வாகத்தின் வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால், பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2014 வரை உலகச் சேவைக்கான செலவை பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சு ஏற்றது. பிறகு அந்தச் சுமை பிரிட்டன் மக்கள் கட்டும் தொலைக்காட்சி உரிமக் கட்டணத்தின்மேல் விழுந்தது. 2022 ஜனவரியில் அந்தக் கட்டணத்தை 159 பவுனிலேயே இரண்டாண்டுகளுக்கு நிறுத்தி வைத்தது அரசு. விலைவாசியோ ஏறிக்கொண்டிருந்தது. பணம் கட்டுபவர் லண்டனில், கேட்பவர் யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் மலேசியாவிலும். கேட்பவருக்கு அங்கே ஓட்டு இல்லை. வெட்டு விழுந்தபோது தட்டிக்கேட்க ஆளும் இல்லை.

நம் நிலைமை வேறு. ஆர்.டி.எம். தொடர்பு அமைச்சின் கீழ் உள்ள அரசுத் துறை. மின்னல் பண்பலைக்கும் டிவி2 தமிழ்ச் செய்திக்கும் செலவாகும் பணம் நாடாளுமன்றம் ஒதுக்குவது. அது நம் வரிப்பணமும்தான்.

"பாசிர் கூடாங்கில் சிங்கப்பூரின் ஒலி 96.8 தெளிவாகக் கேட்கிறதே, தனியார் வானொலி ராகாவும் இருக்கிறதே, பிறகென்ன?" என்று கேட்கலாம். ஒலியின் செய்திகள் சிங்கப்பூர் மக்களுக்கானவை. ராகா விளம்பர வருமானத்தில் ஓடுவது.

2019 மார்ச் மாதத்தை நினைத்துப் பாருங்கள். கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குச் சென்றனர். இவ்வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. அப்படிப்பட்ட நாளில் எந்தப் பள்ளிக்கு விடுமுறை, எங்கே சிகிச்சை, எந்த அறிகுறி வந்தால் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதைப் பாட்டிக்கும் புரியும் தமிழில் யாராவது சொல்ல வேண்டும். அதில் இலாபம் இல்லை. அதனால்தான் அது பொது ஒலிபரப்பின் வேலை. கைப்பேசியில் எல்லாம் வந்துவிடும் என்பவர்கள், டேட்டா போட யோசிக்கும் முதியவரையும், இரவு ஷிஃப்ட்டில் லோரி ஓட்டுபவரையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒரு சேவை ஒரே நாளில் மூடப்படுவதில்லை. ஓய்வு பெற்றவரின் இடம் நிரப்பப்படாது. பகுதிநேர நிருபருக்கு அழைப்பு குறையும். செய்தி நேரம் சுருங்கி, பாட்டு நேரம் கூடும். கேட்பவர் குறைந்ததும், "கேட்க ஆளில்லை" என்பதே அடுத்த வெட்டுக்குக் காரணமாகிவிடும்.

ஆகவே கேள்வியை முன்கூட்டியே கேட்க வேண்டும். வழக்கமாக அக்டோபரில் வரவு செலவுத் திட்டம் தாக்கலாகிறது. பிறகு அமைச்சு வாரியாக விவாதம் நடக்கிறது. மின்னலுக்கும் தமிழ்ச் செய்திப் பிரிவுக்கும் ஒதுக்கீடு எவ்வளவு, நிரப்பப்படாத பணியிடங்கள் எத்தனை, ஜொகூர் செய்திகளைத் தமிழில் தர எத்தனை நிருபர்கள்? இந்த மூன்றையும் அவையில் எழுப்பும்படி நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் ஆலய நிர்வாகங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் எழுத்துப்பூர்வமாகக் கேட்கலாம்.

தமிழோசை நேயர்களுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது.