மகளுக்கு ஏ.எல்.; வலைப்பந்து எதற்கு?



காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி எங்கும் ஓ.எல். முடிந்த கையோடு வீட்டில் ஒரு சட்டம் பிறந்துவிடுகிறது. வலைப்பந்து போதும், தமிழ்த்தினப் போட்டி போதும், இனி ரியூசன் மட்டும்! இதைச் சொல்வது பெரும்பாலும் வாப்பா அல்ல, உம்மாதான்.

பயம் நியாயமானதே. பல்கலைக்கழக அனுமதிக்கு 2001 முதல் இசட் புள்ளிதான் கணக்கு. மகள் 70 எடுத்தாள் என்பது மட்டும் போதாது. அதே பாடத்தை எழுதிய நாட்டுப் பிள்ளைகளின் சராசரியிலிருந்து அவள் எவ்வளவு மேலே நிற்கிறாள் என்றே பார்ப்பார்கள். மருத்துவம், பொறியியல் போன்றவற்றில் நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமைக்கு. 55 மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி. 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய பட்டியலில் நமது மட்டக்களப்பும் உண்டு. (ஆறுதலடைவதா, வெட்கப்படுவதா?)

புறக்கிருத்தியத்துக்கும் ஒரு சிறு கதவு இருக்கிறது. படிப்பல்லாத துறைகளில் சாதித்தோருக்கு 0.5 வீத இடம். 200 பேரை எடுக்கும் பாடநெறியில் ஒருவர்! அதற்குத் தேசிய, சர்வதேச மட்டச் சாதனை வேண்டும். உயர்தரச் சித்தியும் வேண்டும். வலயப் போட்டிச் சான்றிதழ்களைக் கட்டாக வைத்து அந்தக் கதவைத் தட்ட முடியாது. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்திலேயே இவற்றைக் கேட்பதால், அனுமதிக்காகவே கழகங்களில் சேரும் பிள்ளைகள் அங்கே உண்டு. நம் மகள் ஆசைப்பட்டு விளையாடுகிறாள். அவள் மீது ஏன் கோபம்?

பாடசாலை விட்டதும் ரியூசன், சனி ஞாயிறும் ரியூசன். வலைப்பந்துக்குப் போவது வாரத்தில் இரண்டு மாலைகள். அவற்றைப் பறித்தால் புள்ளி ஏறிவிடும் என்று யார் சொன்னது? தகுதி பெற்ற எல்லோருக்கும் இடம் கிடைப்பதுமில்லை. மூன்று முறை எழுதியும் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றுவிட்ட பிள்ளை, மேடையில் பேசவும் நாலு பேரை நடத்தவும் பழகியிருந்தால், வேலைக்கான நேர்முகப் பரீட்சையில் தலைகுனிந்து நிற்கமாட்டாள். சித்திரம் வரையும் கையும் வீணல்ல. கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் சேர இசட் புள்ளியோடு செயன்முறைப் பரீட்சையும் உண்டு.

பரீட்சைக்கு முந்திய ஆறு மாதம் போட்டிகளை நிறுத்துங்கள், சரி. தரம் 12இன் முதல் நாளிலேயே ஏன்? இன்றிரவு மகளை அருகில் இருத்தி, மூன்று மணிநேர ரியூசனில் விளங்கியது எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்.