இரண்டு பணமும் ஒரு வாக்குறுதியும்

தியானப் பகுதி: லூக்கா 10:25–37



நல்ல சமாரியனைக் குறித்துப் பிரசங்கிக்கும்போது எண்ணெயையும் திராட்சரசத்தையும் விரிவாகப் பேசுகிறோம். சத்திரக்காரன் கையில் அவன் கொடுத்த பணத்தையோ ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். இரண்டு பணம் கொடுத்ததோடு அவன் நின்றுவிடவில்லை. அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் பொறுப்பேற்றான். இரக்கத்துக்குச் செலவு உண்டு. அது ஓர் இரவோடு முடிவதுமில்லை.

எச்.ஐ.வி. தடுப்புக்கும் சிகிச்சைக்கும் 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாம் கட்டத் திட்டத்தில் மத்திய அரசு ஒதுக்கிய தொகை 15,471.94 கோடி ரூபாய். “ஒழுக்கம் தவறியவர்களுக்கு நம் வரிப்பணமா?” என்று விசுவாசிகளே கேட்கிறார்கள். அந்தக் கேள்வி சுவிசேஷத்துக்கு விரோதமானது என்று சொல்ல நான் தயங்கேன்.

முதலாவது, இந்த நோயை “அவர்களுடைய நோய்” என்று தள்ளிவைக்க நமக்கு இடமில்லை. நாட்டில் வயதுவந்தோரிடையே தொற்று விகிதம் ஏறத்தாழ 0.2 சதவீதம், மிசோரத்தில் 2.5 சதவீதத்துக்கும் மேல். அடுத்த இடத்தில் நாகாலாந்து. 2011 கணக்கெடுப்பின்படி இவ்விரு மாநிலங்களிலும் நூற்றுக்கு 87 பேர் கிறிஸ்தவர்கள். ஊசிவழிப் போதைப்பொருளும் பாதுகாப்பற்ற உறவும் அந்த மலைகளில் தொற்றைப் பரப்புகின்றன. கிறிஸ்துவின் சரீரத்திலேயே இந்தக் காயம் இருக்கிறது.

நம் மாநிலத்தின் வரலாற்றையும் மறக்கலாகாது. 1986இல் இந்நாட்டின் முதல் தொற்று சென்னையில்தான் டாக்டர் சுனிதி சாலமனின் குழுவால் கண்டறியப்பட்டது. அதிகப் பாதிப்புள்ள மாநிலங்களின் வரிசையில் தமிழ்நாடும் இருந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று அரசு இலவசக் கூட்டுமருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது, தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்றாயிற்று. அன்று தேசத்தின் பணம் நம்மைத் தேடி வந்தது. இன்று அது அய்சாலுக்கும் திமாப்பூருக்கும் போகையில் முகம் சுளிப்பது நன்றிகேடு.

இரண்டாவது, இந்தப் பணம் வீணாகவில்லை. ஒன்பது நாடுகளில், சென்னையும் உட்பட, 1,763 தம்பதியரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2011இல் வெளியானது. தொற்றுள்ளவர் முன்னதாகவே சிகிச்சையைத் தொடங்கினால் துணைவருக்கு அது பரவுவது 96 சதவீதம் குறைந்தது. சிகிச்சையே இல்லாவிடில் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை. உரிய மருந்தால் அது ஐந்துக்கும் கீழே இறங்குகிறது. கணவனால் தொற்றுப் பெற்ற மனைவி எந்த ஒழுக்கத்தில் தவறினாள்? கருவிலிருக்கும் பிள்ளை யாருக்கு என்ன பாவம் செய்தது?

“இதைப் புற்றுநோய்க்குச் செலவிடலாகாதா?” என்பாருண்டு. புற்றுநோயாளிக்கும் நிதி கேட்போம், கேட்கவேண்டியதே. ஆனால் ஒரு நோயாளியின் தட்டிலிருந்து எடுத்து இன்னொருவனுக்குப் பரிமாறுவது தர்மமாகாது. மேலும், மாத்திரை நின்றால் கிருமி பெருகும், தொற்றும் பெருகும், வாழ்நாள் முழுவதும் சிகிச்சை தேவைப்படுவோரின் தொகையும் பெருகும். இன்று மிச்சம் பிடிக்கிற பணத்தை நாளை பன்மடங்காகக் கொடுக்கவேண்டி வரும்.

“போதைக்கு அடிமையானவனுக்குப் புது ஊசி கொடுப்பது பாவத்துக்குத் துணைபோவதல்லவா?” என்று வேறு சிலர் கேட்கிறார்கள். அந்த ஊசியோடு ஆலோசனையும் பரிசோதனையும் மறுவாழ்வுக்கான வழியும் அவனுக்கு எட்டுகின்றன. செத்தவன் மனந்திரும்புவதில்லை. அவனை உயிரோடு காப்பது மனந்திரும்புதலுக்கு வாசலைத் திறந்துவைப்பதாகும்.

மூன்றாவது, நம் மேடைகளைக் குறித்து ஒரு வார்த்தை. “ஜெபித்தாயிற்று, இனி மாத்திரை வேண்டாம்” என்று சொல்லும் ஊழியக்காரன் விசுவாசத்தைப் போதிக்கவில்லை, உயிரோடு விளையாடுகிறான். குஷ்டரோகியைச் சுத்தமாக்கிய ஆண்டவரே, அவனை ஆசாரியனிடம் போய்த் தன்னைக் காண்பிக்கச் சொன்னார். பரிசோதனைக்கு அஞ்சாதது மெய்யான சுகம். ஜெபியுங்கள், மாத்திரையையும் நிறுத்தாதிருங்கள்.

ஆகையால் பிரியமானவர்களே, வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் ஆலயத்துக்குச் சுற்றுச்சுவர் கேட்கும் நாம், இந்த நிதி குறையக்கூடாது என்றும் கேட்போம். தொற்றுள்ளோரை வேலையிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் ஒதுக்குவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. சட்டம் தடுத்த ஒதுக்குதல் நம் பந்தியில் தொடர்ந்தால், நியாயத்தீர்ப்பு நாளில் என்ன பதில் சொல்வோம்?

காயப்பட்டுக் கிடந்தவனிடம், “இந்த வழியில் ஏன் வந்தாய்?” என்று சமாரியன் விசாரித்ததாக ஆண்டவர் சொல்லவில்லை. கட்டினான், சுமந்தான், செலவழித்தான். நாமும் போய் அப்படியே செய்யக் கர்த்தர் நமக்குக் கிருபை தருவாராக. ஆமென்.