வியர்வைக் கணக்கு யார் கையில்?

தொழிலாளியின் வியர்வையைப் பற்றி மேடையில் முழங்காத தலைவர் இல்லை. இப்பொழுது விஞ்ஞானிகள் அதை அளக்கவே தொடங்கிவிட்டார்கள். 2016-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்கிலி சர்வகலாசாலையில் அலி ஜாவே குழுவினர் கைப்பட்டைபோல் அணியும் கருவியொன்றைச் செய்து காட்டினர். ஊசி குத்தாமலே வியர்வையிலுள்ள சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, லாக்டேட் ஆகியவற்றை அளந்து கைப்பேசிக்கு அது சொல்லிவிடும்.

இது நமக்கு வேண்டாத பொருளன்று. மரம் வெட்டுவது விடியலில் என்றாலும், பால் எடுத்துச் சுமக்கும் வேளையில் வெயில் ஏறிவிடுகிறது. உடலில் நீர் வற்றினால் தலைசுற்றலோடு போய்விடாது. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர் 352 பேரைச் சோதித்து, சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட முடிவைப் பாருங்கள்: பத்தில் ஒன்பது பேர் வரம்பு மீறிய உஷ்ணத்தில் உழைத்தனர்; நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகம் தளர்ந்திருந்தது.

ஆயினும் ஒரு கேள்வி உண்டு. அந்தக் கணக்கு யார் கையில் இருக்கும்?

பாலில் மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு ரப்பர் சத்தைக் குறிப்பது ஸ்டோரில். அந்த எண்ணை வைத்துத்தான் கூலி. ஆகவே, எண் யார் கையிலோ அதிகாரமும் அவர் கையில் என்பதை ஆயர் தாவாரில் பால் வெட்டியவருக்கும் பேரேடு எழுதும் கிராணிக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வியர்வை எண் ஆபீசுக்குப் போனால், “இவன் உடல் தாங்காது” என்று பெயரை அடிக்கவும் அது உதவும். மேலும், வியர்வையில் தெரியும் சர்க்கரை இரத்தத்தின் அளவோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை.

ஆகையால் மூன்று நிபந்தனைகள் வேண்டும். விரும்பியவரே அணிய வேண்டும். கணக்கு தொழிலாளிக்கும் அவருடைய வைத்தியருக்கும் மட்டுமே உரியது. கருவி ‘நில்’ என்றால், நிற்கும் நேரத்துக்கும் கூலி உண்டு. மாப்பாவுடன் கூட்டு ஒப்பந்தம் பேசும்போது நம் சங்கம் இவற்றைக் கேட்க வேண்டும்.

திருத்தப்பட்ட தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் 1-6-2024 முதல் அமலில் இருக்கிறது. உடனடி ஆபத்தென்று தெரிவித்தும் முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், விலகி நிற்கும் உரிமையை அது தருகிறது. ஆனால் எடைக்குக் கூலி வாங்குபவர் விலகி நின்றால் அன்றைய அடுப்பு எரியாது. கூலி காக்கப்படாத உரிமை ஏட்டுச் சுரைக்காய்தான்.

தோழர்களே! குடிநீர், நிழல், இளைப்பாறும் நேரம் ஆகியவற்றுக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. அவற்றை இன்றே கேட்போம். கருவி வரும்போது, அதன் கணக்கையும் நம் கையிலேயே வைப்போம்.