எங்கள் தெருவுக்கு யார் வெளியார்?

தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தை வெளிநாட்டுக்காரர்கள் தூண்டிவிட்டார்கள், லண்டனில் தமிழர்கள் நடத்திய ஆர்ப்பாட்டமே அதற்குச் சாட்சி என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். 2018-இல் ஸ்டெர்லைட்டின் தாய் நிறுவனமான வேதாந்தா ரிசோர்சஸின் பங்குகள் எந்தச் சந்தையில் விற்கப்பட்டன? லண்டனில். லாபம் அங்கே போகலாம், அதைத் தட்டிக் கேட்கும் தமிழர் மட்டும் அங்கே நிற்கக் கூடாதா?

எங்களுக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 1996-லேயே எங்கள் மீனவர்கள் தாமிரத் தாது ஏற்றி வந்த கப்பலைக் கடலில் மறித்தார்கள். முத்துக்குளித்துறை என்று பெயர் வாங்கிய கடல் அது. அதன் தண்ணீர் கெட்டால் முதலில் தெரிவது வலை வீசுகிறவனுக்குத்தான். இந்த ஆலையை மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மக்கள் அதற்கு முன்பே விரட்டியிருந்தார்கள். அவர்களையும் லண்டன்தான் தூண்டியதா?

கடல் கடந்த ஆதரவும் இந்த ஊருக்குப் புதிதல்ல. இங்குள்ள கோரல் மில் தொழிலாளருக்காக நின்று சிறை சென்ற வ.உ.சி.க்குத் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் பணம் திரட்டினார்கள். அதையும் சதி என்பீர்களா?

2018 மே 22, போராட்டத்தின் 100-ஆவது நாள். ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்தவர்களைக் காவல்துறையினர் சுட்டார்கள். 13 பேர் இறந்தார்கள். துப்பாக்கிச்சூட்டை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம் காவல்துறை வரம்பு மீறியதாகச் சொல்லி, 17 காவல்துறையினர் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. உங்கள் கட்டுரையில் அந்த ஆணையத்தின் பெயர்கூட இல்லை. அடுத்த முறை எழுதுமுன் அந்த அறிக்கையைப் படித்துவிட்டு வாருங்கள்.