சர்க்கார் வேலை



பசுமலையில் ஐப்பசி என்றால் மழைதான். குளிர் என்று சொல்ல இயலாது. திண்டுக்கல், கரூர், சேலம் கடந்து தொப்பூர்க் கணவாய் ஏறிய பின்னரே குளிர் இன்னதென்று உடல் அறியும். ஓசூரில் ஃபஜ்ருத் தொழுகைக்காக வேனை நிறுத்தியபோது, பிள்ளைகள் தாயின் துப்பட்டாவுக்குள் ஒடுங்கிக்கொண்டனர். பெங்களூர் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருப்பதை நூலில் படிப்பது வேறு, விடியற்காலையில் ஒளூச் செய்யும்போது உணர்வது வேறு!

அங்கே நாங்கள் காணச் சென்றது விதான சௌதா. அதற்கு நேரெதிரே செந்நிறத்தில் நிற்கும் உயர்நீதிமன்றத்திற்கு 'அட்டாரா கச்சேரி' என்று பெயர். அட்டாரா என்பது உருதுவில் பதினெட்டு. 1868ஆம் ஆண்டு முதல் பதினெட்டு அரசுத் துறைகள் அங்கு இயங்கின. கச்சேரி என்றதும் இன்று நமக்குப் பாட்டுத்தான் நினைவுக்கு வருகிறது. நம் பாட்டனார் தாலுகா அலுவலகத்தையே கச்சேரி என்றனர்.

விதான சௌதாவுக்கு 1951 ஜூலை 13 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1952இல் முதலமைச்சரான கெங்கல் ஹனுமந்தையா, எளிய திட்டத்தை மாற்றி, திராவிடக் கட்டடக்கலையில் கருங்கல் மாளிகையாக அதனை எழுப்பினார். நீளம் 700 அடி. முகப்பில் பன்னிரண்டு பெருந்தூண்கள். சிறைக் கைதிகளும் இப்பணியில் ஈடுபடுத்தப்பட்டனர். செலவு 1.75 கோடி ரூபாய்க்கு மேல். அது வீண் ஆடம்பரம் என்ற கண்டனம் வலுத்தது. கட்டடம் நிறைவெய்திய அதே 1956இல் ஹனுமந்தையா பதவியை இழந்தார். பார்த்துப் பார்த்துக் கட்டியவருக்கு அதில் அமர்ந்து ஆளும் வாய்ப்புக் கிட்டவில்லை.

முகப்பில் கன்னடத்தில் ஒரு வாசகம் பொறித்துள்ளனர்: சர்க்கார் வேலை இறைவனின் வேலை. 'சர்க்கார்' என்னும் பாரசீகச் சொல் அங்கும் நம்மைப் போலவே வழங்குகிறது. நாங்கள் சென்றது ஞாயிற்றுக்கிழமை. நாற்காலிகள் யாவும் காலியாக இருந்தமையால் அவ்வேலை நடைபெறும் விதத்தைக் காணக் கொடுத்து வைக்கவில்லை!

எனினும் அவ்வாசகம் என் மனத்தை உறுத்திற்று. அமானத் குறித்து நாள்தோறும் மதரஸாவில் பாடம் நடத்துகிறோம். அந்த மாணவனே வளர்ந்து அரசுப் பணியில் அமர்ந்ததும், பெண் கொடுக்க வருவோர், "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, "மேல்வரும்படி உண்டா?" என்கின்றனர். கேட்பவர் ஐவேளை தொழுபவர். கேட்டுக்கொண்டு புன்னகைப்பவரும் அவ்வாறே. வட்டி என்றால் அஞ்சி ஒதுங்கும் நாம், கிம்பளத்தை மட்டும் ஏன் மாப்பிள்ளையின் தகுதியாகக் கணக்கிடுகிறோம்? மணமகனைப் பெற்ற தாய்மார்களே, அவ்வினா உங்கள் வீட்டுக் கூடத்தில் எழும்போது நீங்கள் என்ன விடையிறுத்தீர்கள்?

காண விரும்புவோருக்கு ஒரு சொல்: 2025 ஜூன் முதல் விடுமுறை நாட்களில் வழிகாட்டியுடன் பொதுமக்களை உள்ளே அழைத்துச் செல்கின்றனர். கர்நாடகச் சுற்றுலாத் துறையிடம் முன்பதிவு செய்தல் வேண்டும். அடையாள அட்டையை மறவாதீர். பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டையும் எடுத்துச் செல்லுங்கள்; மதுரை வெயிலைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.